சமானமும் சட்டாம்பிள்ளையும்

1

கவிதை எழுதுகிற நண்பர் ஒருவர் சென்ற மாதம் பேசிக்கொண்டிருந்தபோது, மத்தியஸ்தன் இல்லாத வலைப்பின்னல்தான் இனி வரப்போகும் ஜனநாயகம் என்றார். ஒரு யந்திரம் இன்னொரு யந்திரத்தோடு நேரே பேச முடிந்துவிட்டால் நடுவில் கம்பெனி வேண்டாம், சர்க்கார் வேண்டாம், பல்கலைக்கழகம் வேண்டாம். தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுப்பான், கணினி கெட்டுப்போனால் ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு அதைத் தொட்டுச் சரிசெய்வான், கைம்மாறாக இவன் அவனுக்கு வேறொன்று செய்வான் என்பது அவர் வாதம். சமானர்களின் வலை என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். பெயர் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அப்போது பதில் சொல்லத் தோன்றவில்லை. அவர் வருணித்த காரியத்தை நான் சில வருஷங்களாகச் செய்துகொண்டு வருகிறேன்; அதில் ஒரு தவறும் செய்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் 'சமானம்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். நம் வார்த்தைகளில் மிகவும் மரியாதை பெற்றவற்றைத்தான் நாம் மிகக் குறைவாகச் சோதித்துப் பார்க்கிறோம்.

கேள்வி இது: இரண்டு யந்திரங்கள் சமானமாக இணைக்கப்படுவதால் அவற்றின் முன்னே உட்கார்ந்திருக்கும் இரண்டு மனிதர்கள் சமானமாகிவிடுகிறார்களா? ஆகவில்லையென்றால், ஒருவன் இன்னொருவனுடைய யந்திரத்தின்மேல் கை வைப்பதற்கு என்ன நியாயம்? சொல்லிக்கொடுக்கிறேன் என்பது போதுமான நியாயமா?

2

நண்பரின் கனவு புதியதல்ல. 1971இல் வெளிவந்த 'டீஸ்கூலிங் சொஸைட்டி'யில் இவான் இல்லிச் பள்ளிக்கூடத்துக்கு மாற்றாகக் கற்றல் வலைகளை யோசித்தார். ஒருவன் தன் பெயர், விலாசம், தான் எதைப் பற்றிப் பேச விரும்புகிறான் என்பதைக் கணினியிடம் கொடுப்பான். அதே விஷயத்தில் ஆர்வமுள்ள மற்றவர்களின் பெயர்களைக் கணினி அவனுக்குத் திருப்பி அனுப்பும். கணினி ஓர் அறை அளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில் எழுதியது இது. இல்லிச்சைப் படித்தவர்களும் அநேகமாக மறந்துபோகிற ஒன்று உண்டு. சக ஆர்வலர்களைச் சேர்த்துவைக்கும் வலையையும், ஒரு திறமையை உடையவனிடமிருந்து இன்னொருவன் கற்றுக்கொள்ளும் வலையையும் அவர் தனித்தனியாக வைத்தார். சமானர்கள் விவாதிக்கிறார்கள், கற்பவனும் கற்பிப்பவனும் அந்த நேரத்துக்காவது சமானர்கள் அல்லர். நண்பர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். அவர் மட்டுமல்ல, காலமும் ஒன்றாக்கிவிட்டது.

அதன்பின் வந்த வலைகளைப் பார்க்கலாம். 1999இல் நாப்ஸ்டர் வந்தபோது பாட்டுகள் ஜனங்களின் கணினிகளில்தான் இருந்தன. எந்தப் பாட்டு யாரிடம் இருக்கிறது என்ற பேரேடு மட்டும் கம்பெனியின் கையில் இருந்தது. 2001 ஜூலையில் வழக்கின் நிர்ப்பந்தத்தில் சேவையை நிறுத்தினார்கள். பாட்டுகள் அவரவர் கணினியில் அப்படியே இருந்தும் வலை செத்துப்போயிற்று. சொத்து யாரிடம் இருக்கிறது என்பதைவிடப் பேரேடு யாரிடம் இருக்கிறது என்பதே பெரிய விஷயம் என்பது வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்குப் புரியாமல் போகாது.

பேரேடே வேண்டாம் என்று 2000த்தில் நூடெல்லா வந்தது. ஒவ்வொரு யந்திரமும் பக்கத்து யந்திரத்தைக் கேட்கும், அது தன் பக்கத்து யந்திரத்தைக் கேட்கும். அதே வருஷம் ஏடன் அடார், பெர்னார்டோ ஹூபர்மன் என்ற இருவர் இந்த வலையை அளந்து பார்த்தார்கள். ஏறக்குறைய 70 சதவீதம் பேர் எதையும் பகிர்ந்துகொள்ளவில்லை. கிடைத்த பதில்களில் கிட்டத்தட்டப் பாதி, 1 சதவீத யந்திரங்களிலிருந்தே வந்தது. கட்டளையிட ஆளில்லை, தடுக்க ஆளில்லை. இருந்தும் ஊர்ப் பொதுக்குளத்தில் நடப்பதுதான் அங்கும் நடந்தது.

இதற்குப் பதிலாக ப்ராம் கோஹென் 2001இல் எழுதிய பிட்டாரெண்ட் நிரலில் ஒரு தர்மம் சேர்க்கப்பட்டது. பழிக்குப் பழி என்பதற்கு எதிர்ப்புறமான, கொடுப்பவனுக்குக் கொடு என்ற தர்மம். எனக்கு யார் அதிகமாக அனுப்புகிறார்களோ அவர்களுக்கே நானும் அனுப்புவேன். வாங்கிக்கொண்டு சும்மா இருப்பவனுக்குக் கதவைச் சாத்துவேன். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் புதிதாக உள்ளே வருகிறவனிடம் கொடுப்பதற்கு ஒரு துண்டுகூட இருக்காது. கொடுத்தால்தான் கிடைக்கும், கிடைத்தால்தான் கொடுக்க முடியும் என்றாகிவிட்டால் அவன் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். எனவே கோஹென் தன் விதிக்கு ஒரு விலக்கு வைத்தார்: 30 வினாடிக்கு ஒருமுறை, அதுவரை எதுவும் தராத யாரோ ஒருவனுக்கு, எதையும் எதிர்பாராமல் கதவைத் திற.

இந்த 30 வினாடி விலக்கைப் பற்றி நான் வெகுநேரம் யோசித்திருக்கிறேன். வலைகளின் சரித்திரத்திலேயே ஒழுக்கம் சம்பந்தப்பட்ட மிக முக்கியமான வரி இதுதான் என்று எனக்குப் படுகிறது. பரஸ்பரம் என்பதைத் தன் அடிப்படையாக வைத்த ஓர் அமைப்பு, பரஸ்பரமில்லாத ஒரு கொடையை உள்ளே வைக்காமல் ஓட முடியவில்லை. கற்கிறவன் எப்போதும் அந்தப் புதிதாக வந்தவன்தான். அவனிடம் கொடுக்க எதுவும் கிடையாது; அது கிடையாது என்பதால்தான் அவன் வந்திருக்கிறான். ஆகவே கற்பித்தலைப் பண்டமாற்றாக நினைப்பவர்கள் கற்பித்தலை நினைக்கவில்லை. சமானம் கற்றலின் ஆரம்ப நிலை ஆகாது. அது ஒருவேளை அதன் முடிவாக இருக்கலாம்.

3

யந்திரங்களின் சமானமும் நாம் நினைக்கிற அளவு சமானமல்ல. இணையத்தின் பழைய விலாச முறையில் சுமார் 430 கோடி விலாசங்கள்தான் உண்டு. அவை போதாது என்று தெரிந்ததும், 1994இல் எழுதி வைத்த ஓர் ஏற்பாட்டின்படி, ஒரு வீட்டில் எத்தனை யந்திரங்கள் இருந்தாலும் வெளி உலகத்துக்கு ஒரே விலாசம் காட்டும் பழக்கம் வந்தது. கைபேசிக் கம்பெனிகள் பல வாடிக்கையாளர்களையே ஒரு விலாசத்துக்குப் பின்னால் நிறுத்துகின்றன. விளைவு, உள்ளேயிருந்து வெளியே கூப்பிடலாம். வெளியிலிருந்து உள்ளே இருப்பவனைக் கூப்பிட முடியாது. இரண்டு வீடுகளும் இப்படியே இருந்தால் யார் யாரைக் கூப்பிடுவது? எனவே இருவருக்கும் தெரிந்த, பொது விலாசமுள்ள மூன்றாவது யந்திரம் ஒன்று வேண்டியிருக்கிறது. அது ஒவ்வொருவருக்கும் மற்றவர் வெளியே எந்தக் கதவு எண்ணில் தெரிகிறார் என்று சொல்கிறது. இருவரும் ஒரே சமயத்தில் அந்தக் கதவைத் தட்டினால் சுவரில் ஓட்டை விழுகிறது. அதன்பின் மூன்றாவது யந்திரம் விலகிக்கொள்கிறது.

கல்யாணத் தரகர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். இரு வீட்டாரையும் அறிமுகப்படுத்திவிட்டு நகர்ந்துவிடுவார். ஆனால் சில சுவர்களில் ஓட்டை விழாது. அப்போது தரகர் போகாமல் நடுவிலேயே உட்கார்ந்து, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் ஆயுள் முழுக்க எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இந்த இரண்டு தாம்பத்தியங்களுக்கும் வித்தியாசம் தெரியாது.

வகுப்பறைக்கு வந்தால் விஷயம் இன்னும் தெளிவாகிறது. 40 மாணவர்கள் எல்லோரும் எல்லோருடனும் நேரடியாக இணைய வேண்டுமென்றால் 780 இணைப்புகள் வேண்டும். ஒவ்வொருவனும் தன் முகத்தை 39 பிரதிகள் எடுத்து அனுப்ப வேண்டும். கிராமத்துப் பையனின் கைபேசி அதைத் தாங்காது. எனவே நடுவில் ஒரு சர்வர் வருகிறது. ஜிட்சி என்ற திறந்த மூலநிரல் சந்திப்பு நிரலில், சாதாரணமாக, இருவர் பேசும்வரை பேச்சு நேரடியாகப் போகிறது. மூன்றாவது ஆள் நுழைந்ததும் எல்லோருடைய பேச்சும் நடுவிலுள்ள ஒரு பாலத்துக்கு மாறிவிடுகிறது. இதில் யாருடைய சதியும் இல்லை, கணக்கு அவ்வளவுதான். இருந்தாலும், மூன்றாவது மனிதன் வந்த கணத்திலிருந்து அதிகாரத்துக்கு ஓர் இடம் தேவைப்படுகிறது என்ற செய்தியை அரசியல் தத்துவம் படித்தவர்கள் கொஞ்சம் கவனிக்கலாம்.

ஸ்கைப்பின் கதை இதற்கு இன்னொரு பக்கம். 2003இல் அது வந்தபோது நல்ல இணைப்பும் பொது விலாசமும் உள்ள சாதாரண ஜனங்களின் கணினிகளையே தானாகப் பதவி உயர்த்தி, மற்றவர்களுடைய அழைப்புகளுக்கு வழிகாட்டும் பொறுப்பை அவற்றுக்குக் கொடுத்தது. பொறுப்பேற்ற கணினியின் சொந்தக்காரனுக்கு அது தெரியவேண்டிய அவசியம் இருக்கவில்லை. 2007 ஆகஸ்டில் ஏராளமான கணினிகள் ஒரே சமயத்தில் அணைந்து மறுபடி எழுந்தபோது வலை ஓரிரு நாட்கள் தடுமாறியது. 2011இல் மைக்ரோஸாஃப்ட் அதை வாங்கிற்று. 2012இல் அந்த உயர்பதவிகளைத் தன் சொந்த யந்திரங்களுக்கே கொடுத்துவிட்டது. 2025 மே மாதம் ஸ்கைப் மூடப்பட்டது. சமானர்களிடையே முதல்வர்கள் தோன்றுகிறார்கள், பிறகு முதல்வர்களின் இடத்தில் முதலாளி வந்து உட்காருகிறான். இது எங்கோ கேட்ட கதையாகத் தோன்றினால், அது நம் ஊர்க் கதை என்பதால்தான்.

4

1789இல் ஆன்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னை எழும்பூரில், ராணுவத்தினரின் அனாதைப் பையன்களுக்கான விடுதியின் பொறுப்பை ஏற்றார். வழியில் ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். காகிதமும் பேனாவும் இல்லாமல் எழுத்துக் கற்பிக்கலாமே என்று தன் உதவி ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் அந்த வகுப்பைக் கொடுத்தார். அவன் செய்து காட்டினான். பையன்களே பையன்களுக்குக் கற்பிப்பது என்ற முறை இப்படி உருவாகியது. 1796இல் ஊர் திரும்பிய பெல் 1797இல் லண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். உலகம் அதை மதராஸ் முறை என்று அழைத்தது.

நம் திண்ணைப் பள்ளியில் இதற்கு ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தான். அவன் பெயர் சட்டாம்பிள்ளை. வாத்தியார் சாப்பிடப் போகும்போது பாடம் ஒப்பிக்கக் கேட்பவன், வராத பையன்களை வீட்டிலிருந்து இழுத்து வருபவன், பிரம்பையும் சில சமயம் கையிலெடுப்பவன். அவனும் மாணவன்தான். மற்றவர்களோடு அதே மணலில், அதே திண்ணையில் உட்கார்ந்தவன்தான். மேலேயிருந்து வந்த வாத்தியாரின் அடியை மறந்துவிட்டவர்கள்கூட, பக்கத்திலிருந்து வந்த சட்டாம்பிள்ளையின் அடியைக் கிழவர்களான பின்னும் மறக்கவில்லை என்பதை அந்தத் தலைமுறையோடு பேசியவர்கள் அறிவார்கள்.

இங்கிலாந்துக்குப் போன மதராஸ் முறைக்கு என்ன நேர்ந்தது? ஜோஸஃப் லங்காஸ்டர் 1798இல் லண்டனின் ஸதர்க் பகுதியில் தன் பள்ளியை ஆரம்பித்தார். மாணவர் மாணவருக்குக் கற்பிக்கும் முறையில் ஒரே ஆசிரியர் ஆயிரம் பேரைச் சமாளிக்க முடியும் என்றார். குறைந்த செலவு. நீண்ட கூடம், வரிசை வரிசையாக பெஞ்சுகள், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சட்டாம்பிள்ளை, எல்லாம் மணியடித்தபடி. பிரம்படி கூடாது என்று கொள்கை வைத்திருந்த அந்த மனிதர் அதற்குப் பதிலாகக் கழுத்தில் மரக்கட்டை மாட்டுவதையும், கூடையில் வைத்துக் கூரையில் தொங்கவிடுவதையும் கண்டுபிடித்தார். 1811இல் பெல்லின் முறையை எடுத்துக்கொண்டு ஆங்கிலேயத் திருச்சபையின் கல்விச் சங்கம் ஆரம்பமாயிற்று. பெல் 1832இல் இறந்து வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் புதைக்கப்பட்டார். மணலில் எழுதிய குழந்தைகளிடமிருந்து போன யோசனை, ஆலைக்குத் தேவையான பையன்களை மலிவாகத் தயாரிக்கும் ஆலையாக அங்கே நின்றது.

நான் பெல்லைக் குறை சொல்லவில்லை. சகமாணவனிடம் கற்பது உண்மையிலேயே நல்ல காரியம். எனக்கு ஷேக்ஸ்பியர் புரிந்தது லெக்சரரால் அல்ல, பக்கத்து பெஞ்சுக்காரனால். நான் சொல்வது, 'சக' என்ற முன்னொட்டு மட்டும் ஓர் உறவைக் காப்பாற்றிவிடாது என்பதுதான். மேலதிகாரியின் கை கண்ணுக்குத் தெரிகிற கை. அதை எதிர்க்கலாம், ஏமாற்றலாம், அதைப் பற்றிப் பாட்டுக் கட்டலாம். சமானனின் கை சிநேகிதத்தின் பாவனையோடு தோளில் விழுகிறது.

5

இந்தக் கைக்கு நம் காலத்தில் நீளம் கூடியிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம் என்று முதலில் நினைத்தேன். இல்லை, இன்னொரு வித்தியாசமும் உண்டு என்பதை இரண்டு சம்பவங்கள் காட்டுகின்றன.

முதலாவது, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மடிக்கணினி என்ற இயக்கம். 2005இல் நிக்கலஸ் நெக்ரோபான்டி அறிவித்து 2007இல் உற்பத்தியாகி வந்த அந்தப் பச்சை வெள்ளை யந்திரத்துக்குப் பின்னால், குழந்தை செய்து பார்த்துக் கற்கிறது என்று வாழ்நாள் முழுக்க வாதாடிய சீமோர் பேபர்ட்டின் சிந்தனை இருந்தது. கம்பியில்லாமல், நடுவில் எந்த நிலையமும் இல்லாமல், ஒரு குழந்தையின் கணினி பக்கத்துக் குழந்தையின் கணினியோடு நேராகப் பேசும். திரையில் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் இரு வண்ணச் சித்திரங்களாகத் தெரிவார்கள். ஒருவன் வரைகிற படத்தில் இன்னொருத்தி சேர்ந்து வரையலாம். ஓடுகிற நிரல் எப்படி எழுதப்பட்டது என்று பார்க்க விசைப்பலகையில் ஒரு தனி விசைகூட இருந்தது. என் நண்பரின் கனவுக்கு இதைவிட நல்ல உருவம் கிடைக்காது.

அதே யந்திரத்தின் பாதுகாப்பு அமைப்பில் இன்னொன்றும் இருந்தது. நாடு விரும்பினால் யந்திரத்துக்குக் குத்தகை வைக்கலாம்: குறிப்பிட்ட நாட்களுக்குள் சர்வரோடு பேசிக் குத்தகையைப் புதுப்பிக்காத யந்திரம் தானே பூட்டிக்கொள்ளும், திருடுபோனதாகப் பதிவானது தூரத்திலிருந்தே அணைக்கப்படும். திருட்டைத் தடுக்கத்தான். காரணம் நியாயமானதே. ஆனால் மேலே சமானம், அடியில் குத்தகை. இரண்டும் ஒரே பச்சைப் பெட்டியில். இதை வடிவமைத்தவர்களுக்கு மனசாட்சி இருந்தது என்பதற்கும் அடையாளம் உண்டு. குழந்தை விண்ணப்பித்துச் சில நாள் காத்திருந்தால், யந்திரத்தை முழுக்கத் தன் வசமாக்கிக்கொள்ளும் சாவி அதற்குக் கிடைக்கும். அந்தச் சாவியை நான் கோஹெனின் 30 வினாடிக்குப் பக்கத்தில் வைக்கிறேன். (பெரூ நாட்டின் 319 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது, கணிதத்திலும் மொழியிலும் யந்திரத்தால் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை என்றது. அது வேறு துக்கம்.)

இரண்டாவது, அமெரிக்காவின் பென்ஸில்வேனியாவில் லோயர் மெரியன் என்ற பள்ளி மாவட்டம். உயர்நிலை மாணவர்கள் சுமார் 2,300 பேருக்கு மடிக்கணினி கொடுத்தார்கள். தொலைந்தால் கண்டுபிடிப்பதற்காகத் தூரத்திலிருந்து காமிராவை இயக்கும் வசதி அதில் இருந்தது. மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் அதைச் சொல்லவில்லை. 2009 நவம்பரில் ஒரு மாணவனைக் கூப்பிட்டு, அவன் வீட்டில், அவன் அறையில் எடுத்த படத்தைக் காட்டி விசாரித்தார்கள். 2010 பிப்ரவரியில் வழக்கு வந்தது. காமிராப் படங்களும் திரைப் படங்களுமாக 56,000க்கு மேல் எடுக்கப்பட்டிருந்தது வெளியாயிற்று. அக்டோபரில் 6,10,000 டாலருக்கு வழக்கு சமரசமாயிற்று. மாணவர்கள் சிலர் காமிராவின் பச்சை விளக்கு ஒரு கணம் எரிந்து அணைவதைப் பார்த்திருந்தார்கள். யந்திரக் கோளாறு என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பச்சை விளக்கில்தான் நான் தேடிய வித்தியாசம் இருக்கிறது. திண்ணையில் சட்டாம்பிள்ளையின் கை நெருங்குவதைப் பையன் பார்க்க முடியும். அந்தக் கைக்கு உடம்பு இருந்தது. உடம்புக்கு வெட்கம் இருந்தது. தூரத்துக் கைக்கு உடம்பு இல்லை. யந்திரத்தை இயக்க விட்ட அனுமதி யந்திரத்தில் உள்ளதைப் பார்க்க விட்ட அனுமதியாக, யாரும் தீர்மானிக்காமலே மாறிவிடுகிறது. கையை உள்ளே விட்டால் கண்ணும் கூடவே வந்துவிடுகிறது. கை போன பிறகும் கண் தங்கிவிடுகிறது. இதற்குக் கம்பெனி தேவையில்லை, பள்ளி மாவட்டம் தேவையில்லை. இரண்டு சமானர்கள் போதும்.

6

எங்கள் கிளையில் கணினி மக்கர் செய்தால் எங்கோ இருக்கும் ஓர் இளைஞர் அதைத் தன் வசம் எடுத்துக்கொள்வார். திரையில் அம்புக்குறி தானாக நகரும். நான் மேஜையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பத்து வருஷத்தில் அவர்களிடமிருந்து நான் ஒன்றும் கற்கவில்லை. கற்பிப்பது அவர்கள் வேலையுமல்ல. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நான் பார்ப்பது வேறு. தூரத்திலிருந்து கைபேசியை இயக்கும் செயலிகளைக் கொண்டு பணம் திருடுகிறார்கள் என்று 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. உதவி செய்கிறேன் என்று கூப்பிட்டவனுக்குத் திரையில் வந்த எண்ணைப் படித்துச் சொல்லிவிட்டு, ஓய்வூதியத்தைப் பறிகொடுத்து நிற்கிறவர்கள் வருகிறார்கள். "நான்தானே சார் நம்பரைச் சொன்னேன்" என்று ஒரு பெரியவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பணம் போனதைவிடத் தன் கையாலேயே கதவைத் திறந்தது அவரை அதிகமாகத் தின்றது. சம்மதம் இருந்தால் போதும் என்கிறவர்கள் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

என் சித்தப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறு ஊரில் தனியாக இருக்கிறார். எனக்கு எழுத்துப் பழக்கியது அவர்தான்; தாம்பாளத்து அரிசியில் என் விரலைப் பிடித்து எழுதவைத்த கை அது. கொரோனா காலத்தில் நாலைந்து சிநேகிதர்களுக்குக் கணினி வழியாக யாப்பிலக்கணம் சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டார். நான் சென்னையிலிருந்து ஏற்பாடு செய்தேன். கம்பெனி எதையும் நம்பாமல், இரண்டு கணினிகளும் கூடியவரை நேராகப் பேசும் ஒரு திறந்த மூலநிரலைத் தேர்ந்தெடுத்தேன். அவர் எண்ணைச் சொல்வார். நான் அவர் திரைக்குள் போய்ச் சத்தம் வராததையும் படம் தெரியாததையும் சரிசெய்துவிட்டு வெளியே வருவேன். மூன்று நிமிஷ வேலை. "ஆச்சு, சித்தப்பா" என்பேன். ஒவ்வொரு வாரமும் அதே கோளாறு, அதே மூன்று நிமிஷம். என் சாமர்த்தியத்தில் எனக்குத் திருப்தி இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

ஒருநாள் நான் உள்ளே போனபோது அவர் காபி போடப் போயிருந்தார். திரையில் ஒரு கடிதம் பாதியில் நின்றிருந்தது, என் தம்பிக்கு, அதாவது அவர் மகனுக்கு. கண்ணை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. கீழே தெரிந்த வரிக்காகப் பக்கத்தைத் தள்ளியும் படித்தேன். கண்புரை ஆபரேஷனுக்குப் பணம் போதவில்லை. அண்ணனிடம் கேட்க மனசு கூசுகிறது, எழுத்துப் பழக்கிய பையனிடம் கை நீட்டுவதா என்று எழுதியிருந்தார்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அவர் சம்மதித்தார், எண்ணைச் சொன்னார். நடுவில் மத்தியஸ்தன் இல்லை, ரகசியமும் பத்திரமாக இருந்தது. என் நண்பர் கேட்கும் எல்லா லட்சணமும் பொருந்திய இணைப்பு. அதில்தான் நான் சட்டாம்பிள்ளையானேன். அவர் அரிசியில் பிடித்த என் விரல் அவர் பிடியிலிருந்து விடுபடுவதற்காகவே பிடிக்கப்பட்டது. சில மாதங்களில் அந்தக் கை விலகிற்று, நான் தனியாக எழுதினேன். நானோ ஒரு வருஷமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விடுவதற்கான ஏற்பாடு எதுவும் என்னிடம் இருக்கவில்லை. தான் விலகும் நாளை நோக்கி வேலை செய்கிற கைக்கு மட்டுமே இன்னொருவருடைய யந்திரத்தில் இடம் உண்டு என்று இப்போது எனக்குப் படுகிறது. சமானம் என்ற வார்த்தைக்கு ஏதாவது அர்த்தம் இருந்தால் அது அந்த நாளில்தான் இருக்கிறது. முதல் நாளிலேயே அது கிடைத்துவிட்டதாகப் பாவனை செய்வது சௌகரியமான பொய்.

பணம் அனுப்பினேன். தீபாவளிக்கு என்று சொல்லி, வழக்கத்தைவிடப் பல மடங்கு. சித்தப்பா போனில் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வேட்டி எடுத்துக்கொள்கிறேன் என்றார். அடுத்த வாரம் மறுபடி சத்தம் வரவில்லை. நான் எண்ணைக் கேட்டேன்.

"எண்ணெல்லாம் எதுக்குப்பா? நீ வாயால சொல்லு, நானே அமுக்கறேன்" என்றார்.

நாற்பது நிமிஷம் ஆயிற்று. எந்தப் பொத்தான், அது எந்த மூலையில் இருக்கிறது, அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காத திரையை நான் நினைவிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அவர் நிதானமாகப் படித்துக் காட்டினார். இரண்டுமுறை தவறான இடத்தில் அமுக்கித் திரும்பி வந்தார். கடைசியில் சத்தம் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கோளாறுக்காக அவர் என்னைக் கூப்பிட்டதில்லை. கண் ஆபரேஷன் தை மாதம் நடந்தது. அதற்கு ஊருக்குப் போயிருந்தபோதும் கடிதத்தைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. நண்பருக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் இதுதான்.